பத்தடி தூரம், மஸ்கட் வழியாக

ஜனவரி 6, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்றுதான் ஆன்லைன் வகுப்பு. தனித்தேர்வு எழுதும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல். கூட்டாளி விலகல் கணக்கு பாதியில் இருக்கும்போது என் படம் உறைந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் கண் பாதி மூடி, வாய் கோணி நிற்கும் ஒரு இசக்கியம்மாள் மிஸ். எந்தக் குரங்கோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டது. சாயங்காலம் என் மகள் செண்பகாவே அதை எனக்கு அனுப்பி, "எம்மா, வைரல் ஆயிட்ட" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூரிலிருந்து ரோஷ்ணி கூப்பிட்டாள். வகுப்பு நடத்தும் கம்பெனியில் என்னை மேய்ப்பவள். "மேம், உங்க வீடியோ குவாலிட்டி ரொம்பக் கீழ போகுது. எக்ஸாம் சீசன்ல இப்படின்னா பேட்ச்ச வேற டீச்சருக்கு மாத்த வேண்டி வரும்" என்றாள். குரலில் தேன் வடிந்தது.

இந்த வேலை போகக் கூடாது. வீட்டுக்காரர் இவர் வேலை பார்க்கும் தூத்துக்குடி உரக் கிடங்கில் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வெறும் உட்காரல். வீடு ஓடுவது என் வகுப்பில்தான். இதை இவரிடம் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்ளலாம்.

ஜனவரி 8, புதன்

கேபிள்காரர் அந்தோணி வந்து பார்த்தார். லைனில் குறை இல்லையாம். "யக்கா, நெட்டு நம்ம வீட்டுக்குள்ள வாரதுக்கு நாலுவழிச் சாலை. வெளிய போறதுக்கு ஒரே ஒரு முடுக்குச் சந்து. நீங்க கிளாஸ் எடுக்கது அந்த முடுக்கு வழியாத்தான் போகுது. அதுல இன்னொருத்தரு ராப்பகலா நிக்காரு. யாருன்னு பாத்துக்கிடுங்க" என்றார்.

யாரென்று தேட வேண்டியதில்லை. மாமா அறையில் இருக்கும் கேமராதான்.

மாமா என்றால் இவருடைய அப்பா. சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோய் வந்து முதலில் கை நடுங்கியது, பிறகு நடை போனது, இப்போது குரலும் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் குனிந்தால்தான் பேசுவது கேட்கும். போன வருடம் கட்டிலிலிருந்து விழுந்த பிறகு, மஸ்கட்டில் இருக்கும் இவருடைய அக்கா உலகம்மை மைனி இந்தக் கேமராவை வாங்கி அனுப்பினார்.

ஏற்பாடு இப்படி. பகலில் இவர் கிடங்குக்கும் செண்பகா பள்ளிக்கும் போய்விடுவார்கள். நான் காதில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பில் இருப்பேன். மாமாவுக்கு ஏதாவது தேவை என்றால் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குவார். மஸ்கட்டில் சமைத்துக்கொண்டே மொபைலில் அதைப் பார்க்கும் மைனி எனக்குப் போன் போடுவார். நான் எழுந்து ஓடுவேன். பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் மனுஷன் என்னைக் கூப்பிட மஸ்கட் போய் வர வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அந்தோணி ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வீட்டிலிருக்கும் மொபைல், டிவி, கேமரா எல்லாம் அதில் வரிசையாக நிற்கின்றன. யாருக்கு எவ்வளவு என்று நாமே வைக்கலாமாம். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன். எனக்கு மட்டும் தெரியும்.

ஜனவரி 11, சனி

நான் இப்போது ரேஷன் கடைக்காரி. செண்பகாவின் கொரியன் தொடருக்கு இரவு எட்டுக்கு மேல்தான் அளப்பு. இவருடைய ரீல்ஸ் சுற்றிக்கொண்டே நிற்கிறது. "என்னட்டி இது, அமுக்கி வச்சிருக்கியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இந்த வீட்டில் நான் சொல்லி ஒரு காரியம் நடப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

மாமாவின் டேப்லெட்டிலும் குறைத்தேன். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று. என்ஜினின் முகப்பில் கேமராவை வைத்து எடுத்த ரயில் வீடியோ. தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும், மாமாவின் உதடு அசைந்துகொண்டே இருக்கும். மணியாச்சி, கடம்பூர், குமாரபுரம், கோவில்பட்டி.

"படம் கூழாட்டம் இருக்கு தாயி. போர்டு தெரியல" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு மாமா போர்டு? மனப்பாடந்தானே?"

சிரித்தார். முகத்தில் தசை இறுகிவிட்டதால் சிரிப்பு கண்ணில் மட்டும்தான் வரும்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்து பாத்திரம் கழுவி மாளவில்லை.

காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து மாமாவின் காலில் விழும். அவருக்கு அது வேண்டும். திரையை இழுத்தால் கண்ணாலேயே அதட்டுவார். துடைத்துவிடுவது, இட்லியை மசித்துக் கொடுப்பது, மாத்திரை எல்லாம் அந்த வெயிலுக்குள் முடித்துவிட்டு வகுப்பில் உட்காருகிறேன். வெயில் கட்டிலை விட்டு இறங்கிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க அந்த அறை இருட்டுத்தான்.

மைனியின் இன்றைய போன்கள். "இசக்கி, அப்பாவுக்கு நகம் வளந்து கெடக்கே, பாக்கலையா?" அப்புறம், "பெட்ஷீட் நேத்து விரிச்சதுதானே?" அப்புறம், "டீய ஆத்தாமக் குடுத்துட்டியோ, மொகத்தச் சுளிக்காவ." மஸ்கட்டிலிருந்து டீயின் சூடு தெரிகிறது.

கெட்டவர் இல்லை. டயாப்பர், மெத்தை, மருந்து எல்லாம் அவர்தான் அனுப்புகிறார். ஒரு நாள் மாமாவின் அறை நாற்காலியில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உடனே போன். "தலவலியா இசக்கி? தைலம் தேச்சுக்கோ." அன்பாகத்தான் கேட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அந்த அறைக்குள் முந்தானையைச் சரி செய்யக்கூட நான் மேலே பார்த்துவிட்டுத்தான் செய்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

வகுப்பு நேரத்தில் மட்டும் கேமராவை நிறுத்திப் பார்த்தேன். வினை. மைனியின் மொபைலில் 'இணைப்பு இல்லை' என்று வந்துவிட்டது. விடாமல் போன். வகுப்பு நடுவில் நான் எடுக்கவில்லை என்றதும் இவருக்குப் போன், எதிர்வீட்டு ஆவுடைத்தாய் அக்காவுக்குப் போன். அந்த அக்கா வந்து கதவை இடித்த இடியில் பிள்ளைகள், "மிஸ், போலீசா?" என்று கேட்டார்கள்.

மைனி அழுதுவிட்டார். "கையில அந்தப் படம் இல்லன்னா எனக்கு மூச்சு முட்டுது இசக்கி" என்றார். கரண்ட் போச்சு மைனி என்றேன்.

ரோஷ்ணியின் இரண்டாவது எச்சரிக்கை. இந்த முறை தேன் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

வழி கிடைத்துவிட்டது.

கேமராவை நிறுத்தக் கூடாது. சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். ரௌட்டரில் அதற்கு இருப்பதிலேயே குறைந்த அளவை வைத்தால் இணைப்பு அறுந்ததாகக் காட்டாது, போனில் சத்தமும் வராது. படம் மட்டும் கடைசியாக வந்த இடத்தில் அப்படியே நிற்கும். என் மொபைலில் வைத்துப் பார்த்துவிட்டேன். மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தால் நிற்கிற படம் எது, நிஜம் எது என்று எனக்கே தெரியவில்லை.

இன்றைய வகுப்பு கண்ணாடியாக ஓடியது. ரோஷ்ணி கட்டைவிரல் அனுப்பினாள். இடைவேளையில் ஓடிப்போய் மாமாவைப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தார். நான் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் பார்க்கிறேன். இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

ஜனவரி 28, செவ்வாய்

மைனி: "அப்பா இப்பல்லாம் நல்லாத் தூங்குதாவ, என்ன? அசையவே மாட்டங்காவ."

"ஆமா மைனி. மாத்திரை மாத்திருக்கு" என்றேன். மாத்திரை ஒன்றும் மாற்றவில்லை.

இடைவேளையில் போனால் மாமாவின் மெத்தை நனைந்திருந்தது. டயாப்பர் ஒதுங்கிப் போயிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாரோ.

"கையத் தூக்குனேன் தாயி" என்றார். குனிந்து கேட்டேன். "ரெண்டு மூணு மட்டம் தூக்குனேன். உலகு பாக்கல போல."

"மைனி அடுப்படியில வேலையா இருந்திருப்பாவ மாமா."

"ஆமா, அவளுக்கும் வேலை இருக்கும்லா" என்று சொல்லிவிட்டார். துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பை மாற்றினேன். அடுத்த வகுப்புக்குக் கொஞ்சம் தாமதம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாமாவுக்கு நகம் வெட்ட வேண்டும். இன்றும் ஒழியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வெள்ளிக்கிழமை மாதிரி வகுப்பாம். கம்பெனியின் பெரிய தலைகள் உட்கார்ந்து பார்ப்பார்களாம். இடைவேளை கிடையாது, இரண்டு பாடம் ஒரே மூச்சில். நன்றாகப் போனால் நிரந்தர ஆசிரியர். "மேம், இது உங்களுக்கு லாஸ்ட் சான்ஸ் மாதிரி நெனச்சுக்கோங்க" என்றாள் ரோஷ்ணி.

இவரிடம் வெள்ளிக்கிழமை லீவு போட முடியுமா என்று கேட்டேன்.

"கப்பல் வருது. இப்பப் போயி லீவு கேட்டா நிரந்தரமா எடுத்துக்கிடும்பான். அக்கா பாத்துக்கிட்டுத்தான இருக்கா? அவளத் தாண்டி ஒரு ஈ நுழையுமா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். "ஆமா, பாத்துக்கிடுவாவ" என்றேன்.

எதிர்வீட்டு அக்காவை வந்து உட்காரச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த அக்கா வெள்ளிக்கிழமை குலசேகரன்பட்டினம் போகிறாராம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். கஞ்சி கொடுக்கும்போது, "என்னய நெனச்சுப் பயப்படாத தாயி. அன்னைக்கு அசையாமக் கெடக்கேன்" என்றார். அவரே சொன்னார்.

பிப்ரவரி 7, வெள்ளி

வகுப்பு நன்றாகப் போனது. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றார்கள்.

மாமா போய்விட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று எடுத்தோம். மைனி அன்றைக்கு விடியற்காலையே வந்து சேர்ந்துவிட்டார்.

டாக்டர் வந்து பார்த்து, வயசும் நோயும்தான், இதயம் நின்றிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். நெற்றியில் அகலமாக விபூதி பூசிப் படுக்கவைத்திருந்தேன். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டும்போது விபூதி கரைந்துவிட்டது. புருவத்துக்கு மேலே இருந்த கீறலை இவர் பார்த்துவிட்டார்.

"இது என்னது?"

"நகம் பட்டிருக்கும். வெட்ட விட்டுப்போச்சு" என்றேன்.

இவர் அப்பாவின் கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார். நகம் நீளமாகத்தான் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வந்தவர்களுக்கெல்லாம் மைனி ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். கால்ல வெயில் அடிக்க, அப்படியே பிள்ளை தூங்குத மாதிரித் தூங்குனாவ. ஒரு அசைவு கெடையாது. எங்க அப்பா கஷ்டப்படல." பெண்கள் எல்லோரும், கொடுத்துவைத்த சாவு என்றார்கள். மைனி என் கையைப் பிடித்து, "நீ குடுத்த கஞ்சிதான் கடைசி" என்றார்.

நான் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

எங்கே கிடந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வரும்போது கட்டிலில்தான் கிடந்தார்.

கனமே இல்லை. நான் ஒருத்தியே தூக்கிவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

நிரந்தர ஆசிரியர் என்று கடிதம் வந்திருக்கிறது. ரோஷ்ணி பூங்கொத்துப் படமாக அனுப்பித் தள்ளுகிறாள். அடுத்த வாரம் பதினாறு முடிந்ததும் வருகிறேன் என்று பதில் போட்டேன்.

செண்பகா ராத்திரி வந்து, "எம்மா, நெட்டு ஃபுல்லா வருது, நீ அமுக்கலையா?" என்று கேட்டாள். தாத்தாவின் டேப்லெட்டில் ரயில் வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் துல்லியமாக ஓடியது. போர்டில் கடம்பூர் என்று எழுதியிருந்ததை நடையிலிருந்தே படிக்க முடிந்தது. அதை நிறுத்து என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்துபோனாள்.

நான் ஒன்றும் மாற்றவில்லை. மாமா போர்டைப் பார்க்கட்டும் என்று டேப்லெட்டையும், அதோடு செண்பகா மொபைலையும் ஏழாம் தேதி காலையிலேயே அவிழ்த்துவிட்டிருந்தேன். அன்றைக்கு அமுக்கியது கேமராவை மட்டும்தான்.

பிப்ரவரி 22, சனி

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. கூட்டம் சாப்பிட்டுப் போய்விட்டது. எழுத உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

மைனி மாமாவின் போட்டோவைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். பாஸ்போர்ட் போட்டோ, ரயில்வே அடையாள அட்டை போட்டோ எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை கேமராவிலிருந்து அவர் பிடித்த ஸ்க்ரீன்ஷாட். கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, நெஞ்சில் டேப்லெட், போர்வைக்கு வெளியே இரண்டு கால், காலில் மஞ்சள் வெயில். "கடைசியாப் பாத்த மொகம். இதுதான் மாட்டணும்" என்றார்.

அந்தப் படத்தை அன்றைக்கே மைனி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். 'அப்பா நிம்மதியா உறக்கம்' என்று எழுதி. மதியச் சாப்பாட்டு நேரம். இவர் கிடங்கில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார். நான் வகுப்பை முடித்துக் கதவைத் திறந்தபோது என் மொபைலிலும் அதுதான் முதலில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மாமாவின் அறைக்குள் போனேன்.

மாமா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். தலை கீழே, ஒரு கை மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்து மேலே. கேமராவைப் பார்த்து. உடம்பு சில்லிட்டிருந்தது. எவ்வளவு நேரம் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும், அது ஒன்றைத்தான் யாரும் சொல்ல முடியாது. விரலைப் பிரித்து எடுத்து, தூக்கிப் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டு, விபூதி பூசினேன். அதற்குப் பிறகுதான் மைனிக்குப் போன் செய்தேன். "இப்பதான் பாத்தேன், தூங்குதாவளே?" என்றார்.

மதியம் சாப்பாடு முடிந்து இவர் போட்டோவை மாட்ட ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனார். தட்டும் சத்தம் கேட்கவில்லை. காப்பி கொடுக்கப் போனேன். காலிக் கட்டிலில் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைட்டைப் போட்டிருந்தார். ஜன்னலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இசக்கி, அக்கா இத அனுப்புனது மத்தியானந்தானே?"

"ஆமா."

"மத்தியானம் இந்த ரூம்ல எங்கட்டி வெயிலு?"

காப்பி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தேன். அடுப்படியில் மைனி பாயசச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு ஆவுடைத்தாய் அக்காவிடம், எங்க அப்பா ஒருத்தரையும் தொந்தரவு பண்ணாமப் போயிட்டாவ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது இரண்டு பேருக்கும் கேட்டது. இவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"ரௌட்டர் பாஸ்வேர்ட் என்ன?"

இந்த வீட்டில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இவர் மொபைலில் அடித்தார்.

அந்தப் பக்கத்தை நான் ஏழாம் தேதி காலைக்குப் பிறகு திறக்கவே இல்லை. திறந்து, கேமராவுக்கு நேரே வைத்திருந்த சொட்டு அளவை மாற்ற எனக்கு இத்தனை நாள் இருந்தது. மொபைலை எடுத்தால் போதும், நிமிஷ வேலை. மாற்றவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இவர் இன்னும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மைனி இப்போதுதான் வந்து, "எழுதுனது போதும், கொஞ்சம் படு இசக்கி. எங்க அப்பாவ நீ பாத்த மாதிரி நான்கூடப் பாத்திருக்க மாட்டேன்" என்று சொல்லி, என் தலையைத் தடவிவிட்டு, ஒரு தலையணையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.